தவிலுக்குக் கரகரப்பு, பேச்சுக்கு இரைச்சல்: கெயின் எப்படி வைப்பது?

கேள்வி:
வணக்கம் அண்ணே. தேவனாம்பட்டினத்தில் மாசி மக மேடைக்கு சவுண்ட் கட்டுகிறோம். அனலாக் மிக்சர். தவில் மைக் கரகரக்கிறது, மாஸ்டரைக் குறைத்தாலும் போகவில்லை. பேச்சு மைக்கில் ‘உஸ்’ என்று இரைச்சல். ஆம்பைத்தான் மாற்ற வேண்டுமா?

பதில் 1:
ஆம்பை விடுங்க தம்பி. மாஸ்டரைக் குறைத்தும் கரகரப்பு இருந்தால், ஒலி பிரீஆம்பிலேயே உடைகிறது. மைக் ஒலி மிக்சருக்குள் முதலில் பெருகும் இடம் அது, கெயின் நாப் அதைத்தான் கூட்டிக் குறைக்கிறது. அங்கே உடைந்ததை அதற்குப் பின்னால் அளவைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஃபேடரும் ஒட்டாது. உள்ளே வரும் ஒலியைத் தணிக்கும் பேட் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். அப்புறம் பிஎஃப்எல் (அந்தச் சேனலின் அளவை ஃபேடருக்கு முன்பே மீட்டரில் காட்டும் பட்டன்) போட்டுவிட்டு, தவில்காரரை விரல் கூடுகளோடு முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். சும்மா தட்டிக் காட்டுவதை நம்பி வைக்காதீர்கள். மேடையில் கை சூடாகிவிட்டால் அவர்கள் இன்னும் பலமாக அடிப்பார்கள். பலத்த அடிக்கும் சிவப்பு விளக்கு எரியாத இடம்தான் உங்கள் கெயின்.

பேச்சு மைக்கில் கதை நேரெதிர். கெயினைக் குறைவாக வைத்துவிட்டுப் பின்னால் ஏற்றுகிறீர்கள், இரைச்சலும் கூடவே ஏறுகிறது. பேசுகிறவர் குரலுக்கு மீட்டர் 0 அருகில் ஆடட்டும், ஃபேடர் 0 குறியில் நிற்கட்டும்.

பதில் 2:
புதுச்சேரியிலிருந்து. டிஜிட்டல் மிக்சர் என்றால் மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபல் போதும். அங்கே 0 என்பது உச்சவரம்பு, அதைத் தொடவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
பேட் அழுத்தியதும் தவில் சுத்தமாக வருகிறது அண்ணே! ஆம்ப் நாப் முழுசாகத் திறந்தே இருக்கலாமா?

பதில் 1:
சும்மா இருக்கும்போது ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டால் குறையுங்கள்.