கோத்தகிரியில் மழைக்காலம் எது, ஜூனா நவம்பரா?

சமவெளிக்காரன்:
வேலை மாற்றலாகி கோத்தகிரிக்குப் போகிறேன். ஜூன் முதல் வாரமே குடும்பத்தோடு வீடு மாறிவிடலாம் என்று திட்டம். கூடலூரில் இருக்கும் நண்பர், "ஜூன்ல வராதே, மூட்டை முடிச்செல்லாம் நனைஞ்சிடும், ஆகஸ்ட் முடியட்டும்" என்கிறார். கோத்தகிரியில் விசாரித்தால், "ஜூன்ல எங்க மழை, வெறும் காத்துதான்" என்கிறார்கள். ஒரே மாவட்டம், நடுவில் சுமார் 80 கிலோமீட்டர்தான். யாரை நம்புவது? ஊட்டி மாதிரி இங்கேயும் உறைபனி விழுமா? பார்த்து வைத்திருக்கும் வீடு சரிவில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

தேயிலைத்தூள்:
ரெண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். நடுவில் நிற்கும் தொட்டபெட்டாவை மறந்துவிட்டீர்கள். 2,637 மீட்டர். அதன் மலைத்தொடர் வடக்கு தெற்காகச் சுவர் மாதிரி ஓடுகிறது, தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து ஏறி வரும்போது கூடலூர், தேவாலா பக்கமெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றிப் போயிருக்கும். அதனால் ஜூன், ஜூலையில் கோத்தகிரிக்குக் கிடைப்பது மேகமூட்டம், சாரல், குடையைத் திருப்பிவிடும் காற்று, அவ்வளவுதான்.

எங்கள் மழை அக்டோபர், நவம்பரில். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலிலிருந்து வந்து நம் கிழக்குச் சரிவில்தான் முட்டும். குன்னூருக்கும் இதே கதை. நவம்பரில் துணி காயவே காயாது, அலமாரிக்குள் இருக்கும் செருப்பில்கூடப் பூஞ்சை பூத்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியோடு கோடை மழையும் உண்டு. ஆகவே ஜூனில் தாராளமாக வாருங்கள், லாரிக்கு ஒரு தார்ப்பாய் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

பனிக்காலம்:
உறைபனி பற்றி நான் சொல்கிறேன். உயரம் கூடினால்தான் பனி என்று பலரும் நினைக்கிறார்கள், பாதிதான் உண்மை. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டியிருக்கும் காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் பக்கம்தான் காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும், மேலே மேட்டில் இருப்பவர் வீட்டு வாசலில் ஒன்றும் இருக்காது. ஊட்டி 2,240 மீட்டர், கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800. உயரமும் குறைவு, குளிர்காற்று இறங்கிப் போகச் சரிவும் இருக்கிறது, அதனால் இங்கே உறைபனி குறைவு. ஆனால் பள்ளத்துத் தோட்டங்களை நம்ப முடியாது. தாகைச் செடியை வெட்டி வந்து தேயிலை மேல் மூடி வைப்பதைப் பார்ப்பீர்கள், மூடாமல் விட்டால் வெயில் ஏறியதும் கொழுந்தெல்லாம் கருகிவிடும்.

மேட்டுப்பாளையத்தை விடச் சுமார் 10 டிகிரி குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்பது பொதுக்கணக்கு. இன்னொன்று, தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடியாது.

தேயிலைத்தூள்:
குளிர், மழை எல்லாம் பழகிவிடும். நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன அந்த வீடுதான் எனக்கு உறுத்துகிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்தச் சில நாட்களில் நீலகிரியில் மண்சரிவால் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இங்கே பாறைக்கு மேல் மண் ஆழம், அது தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊதும், கீழே வீட்டுக்காக மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தால் பிடிமானமே இல்லை. வீட்டுக்குப் பின்னால் தடுப்புச்சுவர் இருக்கிறதா? இருந்தால் அதில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் குழாய்களைப் பாருங்கள். மழை பெய்து முடிந்தபிறகு அதில் நீர் வடிய வேண்டும். மழை கொட்டியும் குழாய் காய்ந்து கிடந்தால், தண்ணீர் சுவருக்குப் பின்னால்தான் நிற்கிறது என்று அர்த்தம். சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, மேலே தோட்டத்து மண்ணில் நீளவாக்கில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சமவெளிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று போய்ப் பார்த்தேன், முந்தின நாள் சாயங்காலம் நல்ல கோடை மழை. சுவரில் ஆறு குழாய், ஐந்தில் மண்ணும் பாசியும் அடைத்திருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "இத்தனை வருஷமா நிக்குது சார்" என்றார். அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிட்டேன். மேட்டுப்பக்கம் வேறு வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், மே கடைசி வரை நேரம் இருக்கிறது.