கொழிஞ்சாம்பாறை ஆட்டோ நிறுத்தத்துக்கு எது பொருந்தும்: விரைவுச் சார்ஜரா, சாதாரணச் சாக்கெட்டா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம்) ஆட்டோ ஓட்டுநர்

வணக்கம். எங்கள் நிறுத்தத்தில் பதினொரு ஆட்டோக்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. காலையில் முழுச் சார்ஜுடன் புறப்பட்டாலும், வேலந்தாவளத்துக்கும் கோபாலபுரத்துக்கும் இரண்டு மூன்று சவாரிகள் அமைந்துவிட்டால், பிற்பகலுக்கு மேல் தொலைவாகப் போகக் கேட்பவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாலை நேரச் சவாரிதான் எங்கள் வீட்டுச் செலவைத் தாங்குகிறது என்பதால் இது சிறிய இழப்பு அல்ல.

அடுத்த மாதம் வார்டு கிராம சபை கூடும்போது விண்ணப்பம் கொடுக்க எண்ணியிருக்கிறோம். கார்களுக்கு வைக்கும் விரைவுச் சார்ஜர் ஒன்றைப் பேருந்து நிலையத்தருகே கேட்கலாம் என்பது எங்களில் பாதிப் பேரின் கருத்து. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுப்பதற்குத் தக்க காரணம் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து ஊரில் ஒரு கடைக்காரர் தம் செலவில் வைத்த சாக்கெட்டின் முன் பெட்ரோல் வண்டிகள் நிற்கத் தொடங்கின. அடுத்த மழையில் தண்ணீர் புகுந்து அது கெட்டும் போயிற்று. எங்களுக்கும் அப்படி ஆகாதிருக்க விண்ணப்பத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில் 1: மின்பணியாளர், பொள்ளாச்சி

உங்கள் மனம் ஒப்பாதது சரியே. கார்களுக்கான விரைவுச் சார்ஜர் சிசிஎஸ்-2 என்னும் இணைப்பின் வழியாக நேர்மின்னோட்டத்தைத் தருகிறது. இன்று ஓடும் மின் ஆட்டோக்களில் பெரும்பாலானவற்றில் அதைச் செருகும் இடமே கிடையாது. வீட்டில் உள்ளது போன்ற 16 ஆம்பியர் மூன்று முனைச் சாக்கெட்டே அவற்றுக்குப் போதும். பெரிய சார்ஜர் வந்தால் பொள்ளாச்சிச் சாலையில் போகும் கார்கள் பயன்பெறுமே தவிர, நீங்கள் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க நேரும்.

ஆட்டோவின் பேட்டரி ஏறத்தாழ 8 யூனிட் கொள்ளும் என்றும் முழுதாக ஏற நான்கு மணி நேரம் ஆகும் என்றும் வைத்துக்கொண்டால், சவாரி குறைந்த மதிய வேளையில் ஒன்றரை மணி நேரம் செருகி வைத்தாலே மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். ஆள் ஏற்றிய வண்டிக்கும் அது முப்பது கிலோமீட்டர் அளவுக்கு வரும். உங்கள் மாலை நேரக் குறை அதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். கேரள மின்வாரியம் 2021இல் கோழிக்கோட்டில் பத்து மின்கம்பங்களில் ஆட்டோக்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் சார்ஜ் வசதி அமைத்தது இந்த வகையில்தான்.

நீங்கள் கேட்க வேண்டியது 3.3 கிலோவாட் சாக்கெட்டுகள் ஆறு. அவற்றை ஒரே பேஸில் கோத்துவிட்டால் அந்த வரிசையில் கடைசியில் உள்ள வீடுகளில் விளக்கு மங்கும். பழி உங்கள் மேல் வரும். ஆகையால் மூன்று பேஸும் வரும் மும்முனை மின் இணைப்பு பெற்று, பேஸுக்கு இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் தனிப் பாதுகாப்பு விசை, முறையான எர்த், மழை புகாத பெட்டி ஆகிய மூன்றையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு கையால் செருகும் இடம் அது. இவற்றில் எதையும் செலவைக் காட்டிக் குறைக்க விடாதீர்கள்.

பதில் 2: குமுளி ஓட்டுநர்

மலைப்பாதையில் ஓட்டுகிறவன் என்பதால் என் அனுபவத்தையும் சொல்கிறேன். லோயர்கேம்பிலிருந்து ஏறி வந்தவுடன் பேட்டரி சூடாக இருக்கும்போது செருகினால் சார்ஜ் மெதுவாகவே ஏறும், சில நேரம் ஏறவே ஏறாது. அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்ட பிறகு ஒழுங்காக ஏறும். அதேபோல் முழுச் சார்ஜுடன் இறங்கத் தொடங்கினால், இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டாரின் பிடிப்பும் குறைந்து, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். உங்கள் ஊரில் மலை இல்லை; ஆனால் வெயில் உண்டு. எனவே கூரையோ மரமோ உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கடைக்காரரின் சாக்கெட் கெட்டதற்கு மழையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பழுதைப் பார்க்க ஓர் ஆளும், அதற்கென ஒதுக்கிய பணமும் இல்லாவிட்டால் எந்தச் சாக்கெட்டும் நிலைக்காது. எங்கள் பகுதியில் செயலி வழியாக மட்டுமே பணம் கட்டும் ஓர் இடத்தில், சார்ஜ் பாதியில் நின்ற பிறகு மீதிப் பணத்துக்கு மூன்று வாரம் அலைந்தேன். கேட்பதற்கு அங்கே மனிதரே இல்லை. அருகில் குடும்பஸ்ரீ என்னும் கேரளப் பெண்கள் சுயஉதவிக் குழுவின் கடை இருந்தால், பெட்டியின் சாவியையும் வசூல் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படைக்க முடியுமா என்று ஊராட்சியைக் கேளுங்கள். மின் வண்டிக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பது ஒரு சேவை, அதற்கு மின் விற்பனை உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

பதில் 3: செங்கோட்டை வாசகர்

கட்டணம் பற்றி ஒன்று. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சார்ஜ் நிலையங்களுக்கு வழங்கும் மின்சாரத்தின் விலை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை வழங்க மின் விநியோக நிறுவனத்துக்குச் சராசரியாக ஆகும் செலவில்) 0.7 மடங்காகவும், மற்ற நேரங்களில் 1.3 மடங்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மதிய ஓய்வு நேரம் மலிவான நேரத்துக்குள்ளேயே அமைகிறது. சார்ஜ் சேவைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. ஆகவே வரி உட்பட யூனிட் விலையைப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மீண்டும் கேள்வியாளர்

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின் இரண்டு நாள் மதியத்தில் எங்கள் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று கவனித்தேன். பேருந்து நிலையத்தில் இரண்டுதான் நின்றன. மற்றவை பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டிய புளியமரத்தடியில் நின்றன. அந்த இடத்துக்கு எதிரே மின்கம்பமும் இருக்கிறது. ஆகவே ஆறு சாக்கெட்டுகளையும் அங்கேயே கேட்கப் போகிறோம். மரத்தடியில் பெட்டி வைத்தால் பள்ளிப் பிள்ளைகளின் கை எட்டும் என்பது மட்டும் உறுத்துகிறது. பொள்ளாச்சி நண்பரே, வண்டி வராத நேரத்தில் சாக்கெட்டுகளுக்கு மின்சாரமே போகாதபடி, சாவிப் பொறுப்பை ஏற்கும் கடையிலிருந்து நிறுத்தி வைக்கும் விசை ஒன்று வைக்க முடியுமா?