இதழில் வெளிவந்த கவிதையைத் தொகுப்பில் திருத்தலாமா?

நொச்சி (கேள்வி):

என் முதல் கவிதைத் தொகுப்பின் மெய்ப்புப் படிகள் (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் படிகள்) கைக்கு வந்துவிட்டன. கவிதைகளில் பெரும்பாலானவை முன்பே சிற்றிதழ்களில் வெளிவந்தவை. இருந்தும் ஒன்றைக்கூட அப்படியே விட என்னால் முடியவில்லை. ஒரு சொல்லை நீக்குகிறேன், மறுநாள் அதையே திரும்பச் சேர்க்கிறேன். ஈற்றடியை இரண்டாக உடைக்கிறேன், பிறகு ஒட்டுகிறேன். மரபில் எழுதுபவர்களுக்குத் தளை, அதாவது சீர்கள் ஒன்றோடொன்று இணையும் யாப்பு விதி, தட்டவில்லை என்ற அளவிலாவது ஓர் உறுதி கிடைக்கிறது. புதுக்கவிதையில் அந்தக் காவலும் இல்லை. இனித் தொடக்கூடாது என்பதை நீங்கள் எவ்வாறு முடிவு செய்கிறீர்கள்? ஒருமுறை அச்சேறியதை நூலில் மாற்றுவது வாசகருக்குச் செய்யும் முறைகேடாகுமா?

பனைவெளி:

வெளியிடுவதற்கு முன் ஒரு கவிதையை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது ஒரு கேள்வி. வெளியிட்ட பின் அதன்மீது நமக்கு என்ன உரிமை மிஞ்சுகிறது என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதற் கேள்விக்குக் கால அளவு விடையாகாது என்பதற்கு அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப் ஒருவரே போதும். நோவா ஸ்கோஷியாவிலிருந்து பாஸ்டனுக்கு 1946இல் அவர் மேற்கொண்ட பேருந்துப் பயணத்திலிருந்து பிறந்த 'த மூஸ்' 1972இல்தான் முடிந்தது. அதுவும் தானாக முடியவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக விழா ஒன்றில் கவிதை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்ததால் முடித்தாக வேண்டிய நாள் ஒன்று வந்து நின்றது. அவரே எழுதிய 'ஒன் ஆர்ட்' சில மாதங்களில் முடிந்து 1976இல் வெளிவந்தது. வாசர் கல்லூரியில் காக்கப்படும் அதன் வரைவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தொலைத்த பொருள்களைப் பற்றிய, ஏறக்குறைய உரைநடையான குறிப்பாகத் தொடங்கியது, பத்தொன்பது அடிகளும் இரண்டே இயைபுகளும் கொண்ட வில்லனெல் என்ற கட்டுக்குள் வந்து சேர்ந்தது. அங்கே ஒவ்வொரு வரைவும் முந்தையது அறியாத ஏதோ ஒன்றைக் கண்டடைகிறது. திருத்தம் அவ்வாறு கண்டடையும் வரை தொடரலாம் என்பேன்.

இரண்டாம் கேள்விக்கு ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் கதை பொருந்தும். இரண்டாம் உலகப் போர் மூண்ட நேரத்தில் எழுதி 1939 அக்டோபரில் அவர் வெளியிட்ட 'செப்டம்பர் 1, 1939' என்ற கவிதையில், நாம் ஒருவரையொருவர் நேசித்தாக வேண்டும், இல்லையேல் மடிவோம் என்ற பொருளில் ஒரு வரி உண்டு. நேசித்தாலும் மடியத்தானே போகிறோம், ஆகவே இது பொய் என்று அவருக்குப் பின்னர் தோன்றியது. 1945ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டார். 1955இல் ஒரு தொகைநூலுக்காக 'இல்லையேல்' என்பதை மாற்றி, நேசிப்பதும் வேண்டும், மடிவதும் உறுதி என்ற பொருள் வரச்செய்தார். 1966ஆம் ஆண்டுத் தொகுப்பில் கவிதையே இல்லை. ஆனால் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஆங்கில வாசகர்கள் கைக்குக் கை மாற்றிப் படித்தது அவர் கைவிட்ட அந்தக் கவிதையைத்தான். அவருடைய தருக்கம் சரியானதுதான். ஆயினும் அந்தக் கவிதையில் மதுக்கூடம் ஒன்றில் அமர்ந்து அஞ்சிக்கொண்டிருந்த ஒரு மனிதனின் குரலை, பல ஆண்டுகள் கழித்து வேறொருவராகவே மாறிவிட்ட ஆடன் அமைதியான அறையிலிருந்து திருத்தினார் என்றே எனக்குப் படுகிறது.

ஆடிப்பட்டம்:

பனைவெளியின் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. வேறொருவராக மாறிய பிறகு திருத்தக்கூடாது என்றால் ஐரிஷ் கவிஞர் யேட்ஸை என்ன செய்வது? 1892இல் அவருடைய நூலில் வந்த 'த சாரோ ஆஃப் லவ்' என்ற கவிதை 1925ஆம் ஆண்டு வடிவத்தில் ஏறக்குறைய வேறொரு கவிதையாகவே மாறியிருக்கிறது. அப்படி மாற்றுவதைக் குறை கூறிய நண்பர்களுக்கு, நான் திருத்துவது என்னையே என்று நான்கு வரிகளில் அவர் பதிலும் எழுதினார். என் பார்வையில் பிந்தைய வடிவம் இறுக்கமானது, மேலானது. மறுபுறம் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 'த பிரிலூட்' நெடுங்கவிதையை 1805இல் பதின்மூன்று பகுதிகளாக முடித்த பின்னும் பல்லாண்டுகள் விடாமல் திருத்தினார். அவர் மறைந்த 1850இல் பதினான்கு பகுதிகளாக வெளிவந்த வடிவத்தைவிட 1805ஆம் ஆண்டு வடிவத்தை விரும்புபவர்கள் இன்று ஏராளம். ஆகவே காலம் கடந்த திருத்தம் என்பதாலேயே அதைத் தள்ளிவிட முடியாது. யேட்ஸ் ஓசையையும் தொடரமைப்பையும் மாற்றினார். ஆடன் தம் கருத்தை மாற்றினார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கருக்கல்:

நொச்சி, நீக்கிய சொல்லையே மறுநாள் சேர்க்கிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பதை இருவரும் கவனிக்கவில்லை. இரண்டு வடிவங்களும் உங்களுக்குச் சமமாகத் தோன்றும் நிலை அது. அந்த இடத்தில் நிறுத்தலாம். அதற்கு மேல் செய்வது பதற்றத்தைத் தணிக்குமே தவிர கவிதைக்கு உதவாது. வெளியிலிருந்து வரும் ஒரு கையும் தேவைப்படும். பிரெஞ்சுக் கவிஞர் பால் வலேரி தம் 'கடற்கரைக் கல்லறை' என்ற கவிதையை வெட்டியும் சேர்த்தும் கொண்டிருந்தபோது இதழாசிரியர் ஜாக் ரிவியேர் வந்து, அதைப் படித்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தி வாங்கிச் சென்றார். 1920இல் அது அச்சாகியது. நாம் இன்று படிக்கும் வடிவம் அந்தத் தற்செயலால் நிலைபெற்றது என்று வலேரியே பின்னர் எழுதியிருக்கிறார்.

நொச்சி:

மூவருக்கும் நன்றி. ஆடிப்பட்டம் சொல்லும் வேறுபாட்டின்படி பார்த்தால் என் மாற்றங்களில் பெரும்பாலானவை ஓசை சார்ந்தவை. ஆனால் ஒரு கவிதையில் மட்டும், கிராமத்தைவிட்டு வந்தவளின் கோபத்தை இப்போது தணித்து எழுதியிருக்கிறேன். அதை என்ன செய்வது?

பனைவெளி:

அந்த ஒன்றை இதழில் வந்தபடியே விட்டுவிடுங்கள். இப்போதைய மனநிலைக்குத் தனியாக ஒரு கவிதை எழுதலாம். இரண்டும் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது: அமெரிக்கக் கவிஞர் மரியான் மூர் 1919இல் வெளியிட்ட 'பொயட்ரி' என்ற கவிதையை 1967ஆம் ஆண்டு முழுத்தொகுப்பில் மூன்றே வரிகளாகக் குறைத்தார், ஆனால் பழைய நீண்ட வடிவத்தையும் அதே நூலின் பின்குறிப்பில் அச்சிட்டார். எதைச் செய்வதானாலும் பதிப்பாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பக்கம் கட்டிய பிறகு ஒரு வரி கூடினாலும் அடுத்தடுத்த கவிதைகள் எல்லாம் தள்ளிப்போகும்.