பம்பை வர்ணிப்பை ஸ்டுடியோவில் பாடினால் உயிரில்லாமல் போகிறதே, பழைய பாட்டுக்காரர்கள் சொல்லுங்கள்

அணைக்கட்டு தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் அணைக்கட்டு பக்கம். எங்கள் மாமா பம்பைக்காரர், அம்மன் கோயில்களில் பம்பை என்கிற இரட்டை மேளம் அடிப்பவர். அந்த மேளத்தோடு அம்மன் கதையைச் சொல்லி அம்மனை அழைத்துப் பாடுவதுதான் வர்ணிப்பு. சின்ன வயதில் இருந்தே அவர் செட்டில் பின்பாட்டு, அதாவது முன்னால் பாடுகிறவர் விட்ட அடியை வாங்கிப் பாடினேன். இப்போது சில வருஷமாக முன்பாட்டும் நான்தான். ஆடி மாதம் வந்தால் கூழ் வார்க்கிற இடம், கரகம் ஜோடிக்கிற இடம், கும்பம் கொட்டுகிற இடம் என்று ராத்திரித் தூக்கமே கிடையாது.

போன ஆடியில் யாரோ போனில் எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டுச் சென்னையில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். ரேணுகாம்பாள் வர்ணிப்பை நாலு நிமிஷப் பாட்டாகப் பாடித் தர வேண்டுமாம். முன்னாடியே பழகிப் பார்க்கலாம் என்று வேலூரில் தெரிந்தவர் ஒருவரின் ஸ்டுடியோவுக்குப் போனேன். காதில் ஹெட்போன், அதற்குள் டிக் டிக் என்று தாளக் கணக்கு. பம்பையை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பாடினேன். சுருதி விலகவில்லை, ஒரு வார்த்தை தப்பவில்லை. ஆனால் திரும்பப் போட்டுக் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது. மாமா கேட்டார், ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

கேசட் காலத்தில் பாடியவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். நீங்கள் பாட வந்த புதிதில் எப்படி இருந்தது? முதல் ரிக்கார்டிங்கை எப்படிச் சமாளித்தீர்கள்? பணம், காகிதம் இந்த விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

---

குடியாத்தம் பாட்டுக்காரர் பதில்:

தம்பி, உன் மாமா ஏன் எழுந்து போனார் என்று எனக்குப் புரிகிறது. நீ அங்கே பாடும்போது எதிரில் யார் இருந்தார்கள்? சுவர்தானே? அதுதான் விஷயம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் பாட வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அப்போது எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம், திருவண்ணாமலை பிரிந்தது 1989-ல்தான். படவேடு, போளூர், ஆரணி, ஆம்பூர் என்று எங்கே கூப்பிட்டாலும் எங்களுக்கு உள்ளூர் மாதிரிதான். மேடை என்று ஒன்றைக் கட்டி அதில் ஏறிப் பாடியது ரொம்பப் பின்னால். முதலில் ஆற்று மணல், இல்லாவிட்டால் கிணற்று மேடு, அங்கே உட்கார்ந்து கரகம் ஜோடிப்பார்கள், நாங்கள் நின்று பாடுவோம். என் வாத்தியார் முதல் நாளே சொன்னார்: "கரகத்தைப் பார்த்துப் பாடாதே, அதைத் தூக்கப் போகிறவன் முகத்தைப் பார்த்துப் பாடு."

அது எதற்கு என்று எனக்கு விளங்க ஒரு ஆடி முழுக்கத் தேவைப்பட்டது. கரகம் தூக்குகிறவர் கையில் வேப்பிலைக் கொத்து இருக்கும். நீ தொடக்கத்தில் காவல் கேட்கிற காப்புப் பாடும்போது அவர் சும்மா நிற்பார். வர்ணிப்பு ஏற ஏற, முதலில் வேப்பிலையின் நுனி ஆடும். காற்று என்று நினைப்போம், காற்று இல்லை. அப்புறம் பிடித்திருக்கிற கட்டைவிரல் வெளுக்கும். அதைப் பார்த்ததும் பம்பைக்காரர் நடையை மாற்றுவார். உடுக்கைக்காரர் உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்துவார், அதன் சத்தம் சுண்டி மேலே போகும். அது மேலே போனால் நம் குரலும் தானாக மேலே போகும். அந்த நேரத்தில் அடுத்த அடிக்குத் தாண்டவே கூடாது. அதே அடியில் நிற்க வேண்டும். கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி மாற்றி, பின்பாட்டுக்காரர் வாங்கிக் கொடுக்கக் கொடுக்க, தோள் குலுங்கி அருள் வருகிறவரைக்கும் அங்கேயே நிற்க வேண்டும். ஒரு ஊரில் சட்டென்று வந்துவிடும். இன்னொரு ஊரில் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே இந்தப் பாட்டுக்கு நீளம் என்று ஒன்று பாட்டுக்குள்ளே கிடையாது. எதிரில் நிற்கிறவரிடம் இருக்கிறது.

மைக் செட் வந்தபிறகு குரல் மாறியது, அதையும் சொல்ல வேண்டும். கூம்பு ஒலிபெருக்கியை வேப்பமரத்தில் கட்டுவார்கள். அதில் கனமான கீழ்க்குரல் எடுபடாது, நடுவும் உச்சியும்தான் தெருக்கோடி வரை போகும். எங்கள் செட்டில் எல்லோருமே தொண்டையை இறுக்கி உச்சத்திலேயே பாடப் பழகினோம். உனக்கும் அந்தக் குரல்தான் வந்திருக்கும், மாமா வழியாக. ஸ்டுடியோ மைக் அப்படி இல்லை, நீ எச்சில் விழுங்குவதையும் வாங்கிக்கொள்ளும். பயப்படாதே. கரகத்துக்குப் பக்கத்தில் நின்று, மைக் இல்லாமல், காப்பு விருத்தத்தை மெதுவாக எடுப்பாய் அல்லவா, அந்தக் குரல் அதற்குப் போதும்.

முதல் கேசட்டுக்குக் காட்பாடியில் ரயில் ஏறினோம். பம்பையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார் எங்கள் பம்பைக்காரர், கீழே வைக்கவே இல்லை. கம்பெனிக்காரர் முதலில் கடிகாரத்தைக் காட்டினார். சி-60 கேசட், ஒரு பக்கம் அரை மணி நேரம், அதற்குள் அடங்க வேண்டும். என் வாத்தியாருக்கு அது பெரிய அதிர்ச்சியாக இல்லை. கிராமபோன் தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான், அதற்குள்ளேயே பாடிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள் என்றார். உனக்குச் சொன்ன நாலு நிமிஷமும் புதுசு இல்லை தம்பி.

கண்ணாடி அறைக்குள் என்னை மட்டும் நிறுத்தினார்கள். பம்பையைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது, பாடினேன். நீ சொல்கிற அதே சவம்தான் வந்தது.

எங்களோடு வாத்தியாரின் சம்சாரம் சென்னை பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் ஊரில் வருஷா வருஷம் கரகம் எடுக்கிறவர்கள். வாத்தியார் அந்த அம்மாவைக் கூப்பிட்டு என் எதிரில் தரையில் உட்கார வைத்தார். பம்பைக்காரரையும் உள்ளே கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்தார். கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, சத்தம் கலந்துவிடும் என்றார்கள். வாத்தியார் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். பாட்டு பாதி போகும்போதே அந்த அம்மாவுக்கு உடம்பு ஆட ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார், வளையல் சத்தம் விழுகிறதாம். பம்பைக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் பார்க்கவில்லை. அந்த எடுப்புதான் கேசட்டில் வந்தது. அப்பா ஜமதக்னி சொன்னதால் பரசுராமர் தாய் ரேணுகையை வெட்டக் கோடாலியை ஓங்குகிற இடத்தில் முதல் பக்கம் முடியும். அதற்குக் கொஞ்சம் முன்னால் உற்றுக் கேட்டால் வளையல் சத்தமும், "தாயே" என்று அந்த அம்மா முனகுவதும் இருக்கும்.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் சிரசுத் திருவிழா, அம்மனின் வெட்டுண்ட தலையை ஊர்வலமாகக் கொண்டுபோய் உடலோடு சேர்க்கிற விழா. தரணம்பேட்டை முத்தாலம்மன் கோயிலில் இருந்து கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்குச் சிரசு போகும்போது வழியெல்லாம் டீக்கடையில் அந்தக் கேசட்டைப் போடுவார்கள். ஜனங்கள் முன்னால் வெட்டுண்ட சிரசு போய்க்கொண்டிருக்கும், கடைக்காரர் அவசரமாகக் கேசட்டைத் திருப்பிப் போடுவார், இரண்டாம் பக்கத்தில் சிரசு உடலோடு சேர வேண்டுமே. எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை எந்த மேடையிலும் கிடைக்கவில்லை.

பணம்: கையில் ஒரு தொகை கொடுத்தார்கள், காகிதம் எதுவும் இல்லை. அட்டையில் "குழுவினர்" என்று மட்டும் போட்டார்கள். பம்பைக்காரர் பேர் எங்கேயும் இல்லை, அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பிறகு அதே பாட்டு சிடியாக வந்தது, இப்போது யூடியூபில் வேறு யார் பேரிலோ ஓடுகிறது. நீ போகும்போது முதல் நிபந்தனையாக மாமாவின் பெயரைக் கேள். உன் பெயர் இரண்டாவது.

அப்புறம், சென்னைக்குப் போவதற்கு முன்னால் ஏதாவது ஒரு கோயிலில் முழு வர்ணிப்பையும், காப்பில் இருந்து மங்களம் வரை, உன் பொறுப்பில் பதிவு பண்ணி வை. நாலு நிமிஷம் அவர்களுக்கு. முழுசு உன் வீட்டில் இருக்கட்டும். எங்கள் வாத்தியார் பாடினதில் அரை மணி நேரத்துக்கு வெளியே இருந்தது எதுவும் இன்றைக்கு இல்லை.

---

காட்பாடி சவுண்டு பதில்:

ஐயா சொன்னதை ஒலிப்பதிவு பக்கத்தில் இருந்தும் சொல்கிறேன். பம்பையைத் தனியாக எடுப்பதற்கு ஒரே காரணம், அதன் சத்தம் பாட்டு மைக்கில் கலந்தால் பின்னால் ஒரு வரியை மட்டும் திருத்த முடியாது. எங்கள் வசதிக்காகச் செய்வது அது. பாட்டுக்காக இல்லை.

பெரும்பாலான பாட்டு மைக்குகள் முன்பக்கச் சத்தத்தை வாங்கும், பின்பக்கத்தைக் குறைத்து வாங்கும். ஆகவே மாமாவை மைக்குக்குப் பின்னால், உன்னைப் பார்த்த மாதிரி உட்கார வைத்தால் கலப்பு குறையும், முகமும் எதிரில் இருக்கும். நடுவில் நாலைந்து அடி விட்டால் போதும். அவருக்கு வேறு மைக். ஹெட்போன் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு காதை விட்டுவிடு.

டிக் டிக் வேண்டாம் என்று தைரியமாகச் சொல். வர்ணிப்பில் நடை ஏறிக்கொண்டே போகும், அதை ஒரே வேகத்தில் கட்டிப்போட்டால் செத்துத்தான் போகும். அவர்களுக்குக் கீபோர்டு சேர்க்க வேண்டுமானால், நீ பாடி முடித்த பிறகு உன் வேகத்துக்கு அவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மென்பொருளில் இது சாதாரண வேலை.

மைக்கில் இருந்து ஒரு சாண் தள்ளி நில். உச்சம் போகும்போது தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் எடு. கோயிலில் பதிவு செய்வதாக இருந்தால் 24 பிட் வேவ் ஃபைலாக எடு, எம்பி3 வேண்டாம். ஒலிபெருக்கிக்கு எதிரில் ரெக்கார்டரை வைக்காமல் உங்களுக்குப் பக்கத்தில் வை.

---

சத்துவாச்சாரி வக்கீல் பதில்:

குடியாத்தம் ஐயாவின் முதல் கேசட் வந்த காலத்தில் பாடுகிறவருக்கு என்று தனி உரிமை பதிப்புரிமைச் சட்டத்திலேயே இல்லை. 1994-ல் செய்த திருத்தத்தில்தான் அது வந்தது. பாடகர், வாத்தியக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் அந்த வரையறைக்குள் வருவார்கள். இப்போது அந்த உரிமை 50 வருஷம் இருக்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, நிகழ்த்தியவர் இவர் என்று பெயர் சொல்லக் கேட்கும் உரிமையும், வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி கேட்கும் உரிமையும் சட்டத்திலேயே இருக்கிறது. உனக்கு இருப்பது உன் மாமாவுக்கும் இருக்கிறது, வாசிப்பவரும் நிகழ்த்துபவர்தான்.

வர்ணிப்பு பரம்பரையாக வருவது, அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஒப்பந்தத்தில் "பாடல்: இன்னார்" என்று கம்பெனிக்காரர் பெயரை எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதே. "மரபுப் பாடல்" என்று எழுதச் சொல். தமிழில் ஒரு பிரதி கேட்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து படி.

---

ஆரணி செல்வி பதில்:

எங்க அம்மா நடவுக்காரி. அவங்க கூட்டத்தை ஒரு தடவை நடவுப் பாட்டு பதிவு பண்ணக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் வரிசையாக நிற்க வைத்தார்கள், யாருக்கும் பாட்டு வரவில்லை. கடைசியில் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் குனிகிற மாதிரிக் குனிந்தார். மற்றவர்களும் குனிந்தார்கள். பாட்டு வந்துவிட்டது. பதிவு செய்ய வந்தவர் நல்ல மனுஷர், மைக்கைக் கீழே இறக்கி வைத்தார்.

கொல்லங்குடி கருப்பாயி அம்மாவும் காட்டு வேலை பார்த்தவர்தான், வானொலியில் பாடி, 1985-ல் "ஆண் பாவம்" படம் வரைக்கும் போனார். அவர் குரலில் அந்தக் காடு அப்படியே இருக்கும். உன் குரலையும் யாரும் இழைத்து வழவழப்பாக்க விடாதே தம்பி.

---

அணைக்கட்டு தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். வேப்பிலை நுனி பற்றிச் சொன்ன இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். சென்னைக்காரரிடமும் பேசிவிட்டேன். மாமா உள்ளே உட்காரச் சம்மதம், தாளக் கணக்கு வேண்டாம் என்பதற்கும் சம்மதம். பெயர் விஷயத்தை எழுத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். நாலு நிமிஷத்துக்குள் கதை முழுக்கச் சொல்ல முடியாது. எந்த இடத்தை எடுக்கட்டும்?

---

குடியாத்தம் பாட்டுக்காரர் பதில்:

கதையைச் சுருக்காதே. ஜமதக்னி, பரசுராமர், கோடாலி எல்லாவற்றையும் நாலு நிமிஷத்தில் அடைத்தால் செய்தி வாசித்த மாதிரி ஆகிவிடும். கரகம் எழும்புகிற இடத்தை எடு. காப்பில் இரண்டு அடி, உடனே அழைப்பு, அப்புறம் ஒரே அடியில் நின்று ஏறு. கதை தெரிந்தவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள், தெரியாதவர்கள் யாரையாவது கேட்பார்கள்.

பின்பாட்டுக்கு உன் செட்டு ஆளையே கூட்டிக்கொண்டு போ, அங்கே இருக்கிற கோரஸ் வேண்டாம். ஏசி அறையில் தோல் பேச்சுக் கேட்காது, சத்தம் மாறும். ஒரு மணி நேரம் முன்னாடியே போய்ப் பம்பையை அறைக்குள் வைத்து, அதன்பிறகு வார் பிடித்துச் சுருதி சேர்க்கச் சொல். மாமாவுக்கு இது தெரியும், நீ நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதும்.