பொருள்: லியேஸோனுக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள் வேண்டும்

அன்பர்களே,
புதுச்சேரி மாலை வகுப்புக்குப் பிரெஞ்சு உச்சரிப்புக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சு. அசை பிரிப்பு முடிந்தது: இரு உயிருக்கு நடுவே ஒரு மெய் என்றால் பின் உயிரோடு சேரும், இரண்டு என்றால் பக்கத்துக்கொன்று, பர்-தீர், இரண்டாவது ல், ர் என்றால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகும், தா-ப்லோ. சிக்கல் லியேஸோனில். பன்மைப் பெயருக்கு முன் வரும் 'லே' (les) தனியே நின்றால் அதன் கடைசி எழுத்தான s ஒலிக்காது. பின்னால் 'அமி' (நண்பர்கள்) வந்ததும் வண்டு ரீங்காரத்தோடு 'லேஸமி' என்கிறது. இதற்கு என்ன சொல்?
— ந.

உடம்படுமெய் இருக்க வேறு எதற்கு? மணி+அடித்தான், மணியடித்தான்.
— கு.

ஐயா, உடம்படுமெய் வெளியிலிருந்து வருவது. 'லே'யின் மெய் எழுத்தில் இருக்கிறது, பேச்சில்தான் உறங்குகிறது. 'இருக்கிறதா' என்று கேட்கும் 'இயாதில்'லில் வரும் த் வேண்டுமானால் அசல் உடம்படுமெய். அந்த வினையில் த் கிடையாது. என் சொல்: துயில்மெய். அப்புறம், 'அசை'யும் சரியில்லை. யாப்பில் 'பல' ஒரே நிரையசை, பிரெஞ்சுக் கணக்கில் இரண்டு.
— மீ.

அசையை விடமாட்டேன். நம் பிள்ளைகள் 'இல் ஆ'வை ('அவனிடம் இருக்கிறது') சேர்த்து 'இலா' என்னாமல் 'இல்லா' என்பது ஏன்? தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்! நன்னூல் எழுதிய பவணந்தியார் நாக்கிலேயே குடியிருக்கிறார்.
— கு.

அருமை, ஆனால் அது லியேஸோனே இல்லை. அந்த ல் எப்போதும் ஒலிப்பது. அது வெறும் 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது'.
— ந.

துயில்மெய் என்றால் மாணவனும் தூங்கிவிடுவான். லியேஸோன் என்றே போடுங்கள், தேர்வில் அப்படித்தான் கேட்கிறார்கள். விலக்கைச் சொல்லிக்கொடுங்கள்: 'லே எரோ' வீரர்கள், சேர்த்து 'லேஸெரோ' என்றால் பூஜ்யங்கள். வேடிக்கை, வீராங்கனைகளுக்கு மட்டும் சேரும்: லேஸெரோயீன்.
— த.

அச்சகத்திலிருந்து ஃபோன் வந்துவிட்டது. 'ஒலியிணைப்பு' என்று போடுகிறேன், பக்கத்தில் லியேஸோன். துயில்மெய் அடிக்குறிப்பில்.
— ந.

அடிக்குறிப்புக்கு நான் சம்மதிக்கவில்லை.
— மீ.

ஒலி+இணைப்பு. நடுவில் ஒரு ய் போட்டீர்களே, அது யார்?
— கு.