மாதவிலக்கு நின்றபின் வரும் அனலுக்கு மருந்து: முடிவு மருத்துவருடையதா, பெண்ணுடையதா?

பாம்பன் மகள்:
கடல்பாசி எடுக்கும் என் சித்திக்கு வயது 49. மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்துவிட்டது. இடுப்பளவு நீரில் நிற்கும்போதே உள்ளிருந்து அனல் கிளம்புவதாகவும், இரவில் மூன்று முறை எழுந்து வாசல் மணலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்வதாகவும் அவர் சொன்னபோது, எங்கள் குடும்ப மருத்துவர் "வயதானால் இப்படித்தான்" என்று சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது எலும்புக்கு ஆகும். அனலுக்கு என்ன செய்யும்?

குடும்ப மருத்துவர், மண்டபம்:
உங்கள் மருத்துவர் பேசிய விதம் தவறு. அனலைத் தணிக்கும் ஹார்மோன் மருந்தை எழுதத் தயங்கியது தவறன்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரு ஹார்மோன்களையும் சேர்த்து உண்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடியதால், 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்தினார்கள். ஒருமுறை வந்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தலைகாட்டுகிறவருக்கு, கண்காணிப்பு தேவைப்படும் மருந்தை எந்தத் துணிவில் எழுதுவது?

பாம்பன் மகள்:
டாக்டர் ஐயா, அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. கூடுதலாகப் புற்றுநோய் கண்டவர்கள் ஆண்டுக்கு 10,000 பேரில் ஏறத்தாழ 8 பேர். 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற பத்தாண்டுக்குள் தொடங்கும் உடல்நலமுள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி என்று பின்னர் வந்த வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. இவற்றைக் கேட்டபின் சித்தி வேண்டாமென்றால் அது அவர் முடிவு. சொல்லாமலே விட்டால் அது யாருடைய முடிவு?

செவிலியர், தொண்டி:
சகோதரி சொல்வது நியாயம். "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும்" என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் இந்த அனல் ஒரேயடியாக, இன்னும் கடுமையாக வரும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருப்பதில்லை. ஓராண்டு நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது.

குடும்ப மருத்துவர், மண்டபம்:
பரிசோதிக்காமல் எழுதமாட்டேன் என்பதில் மாற்றமில்லை. மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய், கால் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டு ஆகியவை முன்பே இருந்தால் ஹார்மோன் அல்லாத மாத்திரைகளைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் சொல்லாமல் விட்டதும் ஒரு முடிவே என்பதை ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படி விட்டிருக்கிறேன். காலையில் கூட்டம் நெரியும். சித்தியை மாலை ஐந்து மணிக்குமேல் அழைத்து வாருங்கள். முதலில் இரத்த அழுத்தம் பார்ப்போம், பிறகு அவரே பேசட்டும்.