ருவாண்டா சென்று வந்தவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவையும் 12 வயது மகளையும் அழைத்துக்கொண்டு, வரும் கோடை விடுமுறையில் புதுச்சேரியிலிருந்து ருவாண்டா சென்று வர எண்ணியுள்ளோம். மலை கொரில்லாக்களைக் காண்பதற்கான கட்டணம் ஒருவருக்கு 1500 டாலர் என்பதாலும், 15 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை என்பதாலும் அதைக் கைவிட்டுவிட்டோம். கட்டணத்தைப் பார்த்தபின் வயது வரம்பு நல்ல சாக்காகவே அமைந்தது. கிவு ஏரிக்கரையும் நியுங்வே மழைக்காடும் போதும்.

எங்கள் தயக்கம் வேறு. 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை லட்சக்கணக்கான டுட்சி மக்கள் கொல்லப்பட்ட அந்நாட்டில், தஞ்சம் புகுந்தவர்கள் கொன்று குவிக்கப்பட்ட நியாமாட்டா தேவாலயம் இன்று நினைவிடமாக உள்ளது. இறந்தவர்களின் உடைகள் அங்குள்ள இருக்கைகளின் மீதே குவித்து வைக்கப்பட்டுள்ளன. அப்பா அதை அவசியம் பார்க்க வேண்டும் என்கிறார். மகளை உள்ளே அழைத்துச் செல்லலாமா, அல்லது தலைநகர் கிகாலியில் உள்ள கிசோசி இனப்படுகொலை நினைவகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லதா என்பதை, குழந்தைகளுடன் சென்றவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

அந்தப் படுகொலையை நினைவுகூரும் துக்க வாரம் ஏப்ரல் 7 அன்று தொடங்குவதால், அதைத் தவிர்த்து மே மாதம் செல்லலாமா? அப்போது மழைக்காலம் முடிந்திருக்காது என்பதால், மூட்டுவலியுள்ள அப்பாவுக்கு மலைச்சாலைப் பயணம் ஒத்துவருமா என்பதையும் தெரிவியுங்கள். பிரெஞ்சு மட்டும் பேசிச் சமாளிக்க முடியுமா என்பது அவருடைய தனிக் கேள்வி.